ஓசூருக்கு ஒரு காட்சிக்கூடம் வேண்டும்





ராயக்கோட்டை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தக்காளி மண்டியும் மலைமேல் இருக்கும் கோட்டையும்தான். அந்த மலையடிவாரத்துக்கு நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் முன்னால் ஒருவர் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பெயர் லினேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டன். சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினார். ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை என்று அவர் சுற்றிச் சுற்றி எடுத்த படங்கள் 1858-ல் தனித்தனித் தொகுப்புகளாக வெளியாயின. அவற்றில் ஒன்றின் தலைப்பிலேயே நம் ஊர் இருக்கிறது: ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும். அப்போது நாம் சேலம் மாவட்டம். தருமபுரி தனியாகப் பிரிந்தது 1965-ல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல்.

ட்ரைப் வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருடைய நெகடிவ். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12-க்கு 15 அங்குலம். அந்தக் காகிதத்தில் வானம் ஒழுங்காகப் பதியாது, அச்சில் வெள்ளையாக வெறித்துக்கொண்டு நிற்கும். அதனால் நெகடிவின் மேலேயே தூரிகையால் வண்ணம் தீற்றி மேகங்களை வரைந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி 19 அடி நீளச் சுருளாக்கினார். இவ்வளவும் செய்தவரின் துறையை, புதிதாக வந்த ஆளுநர் ட்ரெவெல்யன் வீண் செலவு என்று கருதி இழுத்து மூடிவிட்டார். ட்ரைப் அதன் பிறகு பெரிதாக எதுவும் எடுக்கவில்லை.

2014 செப்டம்பரில் அவருடைய இந்திய, பர்மியப் படங்களின் கண்காட்சி வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கும், பிறகு லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும் போனது. மூன்று மாநகரங்களில் மக்கள் நின்று பார்த்தார்கள். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ அப்படி ஒரு கண்காட்சி நடந்து நான் கேள்விப்பட்டதில்லை.

ட்ரைப்புக்கும் அறுபத்தைந்து ஆண்டுகள் முன்பே ஓவியர்கள் இங்கே வந்துவிட்டார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792-ல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும், அப்போது பாராமகால் எனப்பட்ட நம் பகுதி வழியாகப் போனார்கள். ராயக்கோட்டை, ஜகதேவி, வீரபத்திர துர்கம் என்று நம் மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டு போய், லண்டனில் 144 தகடுகள் கொண்ட பெருந்தொகுப்பில் சேர்த்து அச்சிட்டார்கள். நாம் பேருந்து ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிற பாறைகள் அவை. அவர்களுடைய படங்களைப் பேணிவரும் இடங்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்த இதழில் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தேன். அது ஒரு பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகம்: அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரித்தானியக் கலை மையம். 1977-ல் திறந்தது. கட்டடத்தை வடிவமைத்தவர் லூயி கான், அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தை வடிவமைத்த அதே கான். உள்ளே போக நுழைவுக் கட்டணம் கிடையாது.

யேல் என்ற பெயருக்கும் நமக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரிந்திருக்கும். எலிஹூ யேல் 1672-ல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்த கம்பெனி ஊழியர். 1687-லிருந்து 1692 வரை அங்கே ஆளுநர். சொந்த வியாபாரத்தில் முறைகேடு என்று பதவி பறிக்கப்பட்டவர். சேர்த்த செல்வத்தோடு ஊர் திரும்பி, 1718-ல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு 9 பொதி சரக்கும் 417 புத்தகங்களும் மன்னர் ஜார்ஜின் படமும் அனுப்பிவைத்தார். சரக்கில் காலிகோவும் மஸ்லினும் இருந்தன. அதை விற்று வந்த 562 பவுனுக்குக் கல்லூரி அவர் பெயரையே சூட்டிக்கொண்டது. சென்னையில் இறந்த அவருடைய பிள்ளை டேவிட்டின் கல்லறை இன்னும் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது.

அந்தக் கலை மையம் இதுவரை நடத்திய கண்காட்சிகளைப் பார்த்தால், ஒரே கட்டடத்தில் இவ்வளவு விதமான விஷயங்களா என்று வியப்பாக இருக்கிறது. 2009-ல் திருமதி டிலேனி என்ற பதினெட்டாம் நூற்றாண்டு மூதாட்டி காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்த பூக்கள். மறு ஆண்டே கட்டடக் கலைஞர்களின் காம்பஸும் அளவுகோலும். 2011-ல், 1770 முதல் 1830 வரை இந்தியாவில் ஆங்கிலேயரும் இந்தியக் கலைஞர்களும் வரைந்ததைச் சேர்த்துவைத்த ஒரு காட்சி. 2013-ல் எட்வர்ட் மன்னர் காலத்து ஆடம்பரம். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களே பொருள் தேர்ந்தெடுத்து, மாணவர்களே எழுதி, மாணவர்களே மாட்டும் கண்காட்சி ஒன்றும் உண்டு. இருபது வயதுப் பிள்ளைகளை நம்பி ஒரு கூடத்தை ஒப்படைக்கும் அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் என்னை நிறுத்திவைத்தது ஒரே ஓவியம். 1719 வாக்கில் வரைந்தது. மேசையைச் சுற்றி எலிஹூ யேலும் உறவினர்களும் மதுக் கிண்ணங்களோடு அமர்ந்திருக்கிறார்கள். பின்னால் தோட்டத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். வலது ஓரத்தில் மது ஊற்றுவதற்காக ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். கழுத்தில் வெள்ளி வளையம், அதில் பூட்டு. விளையாடும் குழந்தைகளுக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பல காலம் இந்தப் படத்தில் பார்வையாளர்கள் உடைகளையும் முகங்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள். 2014-ல் அதே மையம் அடிமைமுறையும் உருவப்படங்களும் பற்றி ஒரு கண்காட்சி வைத்தபோது இந்தப் படத்தையும் முன்னால் கொண்டுவந்து, அந்தச் சிறுவனைப் பாருங்கள் என்றது. 2020 அக்டோபரில் படத்தையே சுவரிலிருந்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் டைட்டஸ் காஃபர் என்ற இன்றைய கறுப்பின ஓவியரின் படத்தை மாட்டினார்கள். அதில் யேல் குடும்பத்தார் இருந்த பகுதி முழுக்கக் கசக்கிச் சுருட்டப்பட்டிருக்கும். சிறுவனின் முகம் மட்டும் தங்கச் சட்டத்துக்குள் நேராக நம்மைப் பார்க்கும். கழுத்தில் வளையம் இருக்காது. மறு ஆண்டு, ஆராய்ச்சி செய்து தெரிந்துகொண்டவற்றை எழுதிவைத்துப் பழைய படத்தை மீண்டும் மாட்டினார்கள். சிறுவனின் பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை.

கண்காட்சி என்பதன் முழுப் பயனும் எனக்கு இதில் தெரிகிறது. பொருள் பழையதாகவே இருக்கட்டும், கேட்கிற கேள்வி புதிதாக இருந்தால் போதும். அருங்காட்சியகத்தில் புதுப் பொருள் வரவில்லையே என்று நாம் குறைப்படுகிறோம். இருப்பதையே எடுத்து இடம் மாற்றி, பக்கத்தில் வேறொன்றை வைத்து, நாலு வரி நன்றாக எழுதினாலே புதிதாகிவிடும்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1937-லேயே அசுதோஷ் அருங்காட்சியகத்தைத் தொடங்கிவிட்டது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் மாவட்டத்துக் கலைக்கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. வரலாறு படிக்கிற நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதி மாட்டுவதற்கு ஒரு கூடம் இல்லை, அவ்வளவுதான்.

கண்காட்சி பார்க்க வேண்டுமானால் நாம் அத்திப்பள்ளியைத் தாண்டுகிறோம். பெங்களூரில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் கலை, புகைப்பட அருங்காட்சியகம் திறந்தார்கள். ஜனவரி ஞாயிறு ஒன்றில் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தைக்குக் குமாரகிருபா சாலையே நிரம்பி வழிகிறது. போகத்தான் வேண்டும், நானும் போகச் சொல்கிறேன். ஆனால் காலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறி வேலை பார்க்கிறவர், வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கும் விடுமுறையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சில்க் போர்டு நெரிசலில் நின்றுதான் ஓர் ஓவியத்தைப் பார்க்க வேண்டுமா?

கையில் ஒன்றுமே இல்லாதவர்கள் இல்லை நாம். கிருஷ்ணகிரி காந்தி சாலையில் 1993 முதல் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போனால் நடுகற்கள் முன் சற்று நேரம் நில்லுங்கள். தமிழ்நாட்டில் நடுகல் அதிகம் கிடைக்கும் நிலம் செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நீளும் இந்தப் பட்டைதான். பழைய கற்களில் ஒரே ஒரு வீரன், ஒரு கையில் வில், மறு கையில் வாள். உடம்பில் அம்பு தைத்திருக்கும். காலடியில் சிமிழும் கெண்டியும் சிறிதாகச் செதுக்கியிருப்பார்கள். தலைக்குமேல் வட்டெழுத்தில் எந்த மன்னன் காலம், யார் ஆநிரை கவர்ந்தார்கள், யார் மீட்டுப் பட்டான் என்று சில வரிகள். பிற்காலக் கற்கள் கன்னட நாட்டுப் பாணியில் அடுக்கடுக்காக இருக்கும். கீழ் அடுக்கில் சண்டை. நடு அடுக்கில் தேவமாதர் இருவர் வீரனைத் தோளில் கைகொடுத்து மேலே கொண்டுபோவார்கள். மேலடுக்கில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருப்பான். பேருந்து நிலையத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் காதில் விழும் நம் எல்லை வாழ்க்கை, கல்லில் இப்படி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. வேப்பனப்பள்ளிக்கு அப்பால் சின்னக்கொத்தூரில் ஹொய்சள மன்னன் வீரராமநாதன் தலைநகராக வைத்திருந்த குந்தாணி இருந்தது. அந்தப் பக்கத்து நடுகற்களைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

இந்தக் கற்களில் பல இன்னும் வயல் வரப்பில் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கின்றன. அது நல்லது. சாமியைப் பெயர்த்துக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். கல்வெட்டின் மைப்படியையும் ஒரு நல்ல புகைப்படத்தையும் கொண்டுவந்தால் போதும், கல் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

பர்கூர் அருகே மல்லப்பாடியில் 1978-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.வி. ராமன் பாறை ஓவியத்தைக் கண்டறிந்தார். வெள்ளை வண்ணத்தில் குதிரைமேல் இருவர் மோதும் காட்சி. தமிழ்நாட்டில் பாறை ஓவியத் தேடலுக்கே அது தொடக்கம் என்பார்கள். மல்லசந்திரம் குன்றில் கல்திட்டைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு பெருங்கல்லை மூடி போட்ட இந்த ஈமச் சின்னங்களைப் பாண்டவர் வீடு என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். ஒவ்வொன்றும் தனியாக ஒரு கண்காட்சிக்குப் போதும்.

என் ஆசை வேறொன்றில் இருக்கிறது. பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் தமிழகத் தொல்லியல் துறை 2021-ல் தோண்டியது. அங்கே கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நாலாயிரத்து இருநூறு ஆண்டு இரும்பு! அதே மாவட்டத்தில், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இன்றைக்கும் இரும்பை உருக்குகிறார்கள், வார்க்கிறார்கள், கடைகிறார்கள், மைக்ரானில் அளக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே கூடத்தில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் மயிலாடும்பாறை அகழ்வுக் குழியின் படமும் துருவேறிய துண்டும். மறுபக்கம் வார்ப்பு மண் ஒட்டிய ஒரு மோல்டிங் பெட்டி, ஒரு வெர்னியர் காலிப்பர், மோட்டார் சைக்கிள் கிராங்க் ஷாஃப்ட் ஒன்று, அதைக் கடைந்தவரின் படம். அந்தத் தொழிலாளி தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தின் முன் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

ஓசூரின் ஐம்பது ஆண்டுக் கதை இன்னும் எந்தக் கூடத்திலும் முழுதாகச் சொல்லப்படவில்லை. எழுபதுகளில் சிப்காட் வந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்தன. அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், சுற்று மாவட்டப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கைக்கடிகாரம் பூட்டும் நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது. மாட்டுக் கொட்டகையையும் கேழ்வரகுக் கொல்லையையும் பார்த்து வளர்ந்த விரல்கள், நுண்ணிய உதிரிப்பாகங்களை இடுக்கியில் எடுத்து வைக்கக் கற்றுக்கொண்டன. அந்தத் தலைமுறை இப்போது ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்கள் வீட்டுப் பீரோவில் முதல் அடையாள அட்டை இருக்கிறது, பயிற்சிக் காலத்துக் குழுப்படம் இருக்கிறது, முதல் சம்பளச் சீட்டு இருக்கிறது. வீடு மாற்றும்போது பழைய காகிதக்காரரிடம் போய்விடும் பொருள்கள் இவை. போய்விட்டால் எந்த அகழாய்விலும் கிடைக்காது.

சிப்காட்டைச் சொல்லும்போது இன்னொரு தலைமுறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இங்கே லைன் வீடுகளில் தங்கியிருக்கும் இளைஞர்கள், பெண்கள். அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பொருள், அதைப் பற்றி அவர்கள் மொழியில் இரண்டு வரி, பக்கத்தில் தமிழில் இரண்டு வரி என்று ஒரு சுவர் முழுக்க வைத்தால், ஊரே ஒருவரை ஒருவர் முதல் தடவையாகப் பார்த்துக்கொள்ளும்.

மாம்பழக் கூழ் ஆலைகளின் பழைய டப்பா லேபிள்கள், தெருக்கூத்து வாத்தியாரின் கிரீடமும் புஜக்கட்டையும், கிருஷ்ணகிரி அணையின் கட்டுமானக் காலப் படங்கள், தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு என்று நான் எழுதிக்கொண்டே போகலாம். இடம் போதாது.

நம் கோரிக்கை ஒன்றுதான். 2024 ஜூனில் ஓசூரில் விமான நிலையம் அமையும் என்று சட்டமன்றத்தில் அரசு அறிவித்தது. விமான நிலையம் வரப்போகும் ஊரில், நல்ல வெளிச்சமும் தாராளமான சுவரும் உள்ள ஒரு காட்சிக்கூடம் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்சி மாறட்டும். அதில் ஒரு முறை கலைக்கல்லூரி மாணவர்கள் கையில் முழுப் பொறுப்பையும் கொடுங்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணிவரை திறந்து வையுங்கள். நுழைவுக் கட்டணம் வேண்டாம். ட்ரைப்பின் ராயக்கோட்டைப் படங்களின் நல்ல பிரதிகளை வரவழைத்து முதல் காட்சியாக மாட்டுங்கள். இதை மாநகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் கடிதமாக எழுதப் போகிறோம். உங்கள் பெயரும் கையெழுத்தும் அதில் இருந்தால் பலம் கூடும்.

கூடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொழிற்சாலைகளில் நுழைவாயில் அருகே ஒரு நீளச் சுவர் இருக்கிறது. பள்ளிகளில் வராந்தா இருக்கிறது. கல்யாண மண்டபங்கள் ஆடி மாதம் முழுக்கக் காலியாகக் கிடக்கின்றன. இருபது படங்கள், இருபது குறிப்புகள் இருந்தால் ஒரு கண்காட்சி ஆகிவிடும். குறிப்பு எழுதுவதில் உதவி வேண்டுமென்றால் எங்கள் ஆசிரியர் குழு எழுதித் தரும், மகிழ்ச்சியோடு.

பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். பீரோவைத் திறந்து பழைய படங்களை எடுங்கள். பின்பக்கம் பென்சிலால் ஆண்டு, இடம், நிற்பவர்களின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். அந்த யேல் வீட்டுச் சிறுவனுக்கு யாரும் இதைச் செய்யவில்லை. எழுதிய பிறகு ஒரு நகல் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், மூலப் படம் உங்களிடமே இருக்கட்டும்.

இந்த மாதமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காந்தி சாலை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, வேறு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்